மடக்கி உழுவதற்கு முன்...

இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது கென்ட். அங்கே கடலையொட்டிய தானெட் பகுதியில் காலிஃபிளவர் செழித்து விளையும். பூ வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டுமானால் வெயில் நேராகப் படக் கூடாது. சுற்றியிருக்கும் இலைகள்தான் அதை மூடிக் காக்கின்றன. இலை கொஞ்சம் விலகி வெயில் பட்டுவிட்டால் பூவில் இளமஞ்சள் ஏறிவிடும். ருசி அப்படியேதான் இருக்கும். குழம்பில் வெந்த பிறகு எது வெள்ளை, எது மஞ்சள் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் சூப்பர் மார்க்கெட் கொள்முதல்காரர் அந்த மஞ்சளைப் பார்த்ததும் வேண்டாம் என்றுவிடுவார். வயல் முழுக்க அப்படி ஆகிவிட்டால் விவசாயி டிராக்டரை விட்டு மடக்கி உழுதுவிடுவார்.

அந்த டிராக்டர் வருவதற்கு முன்பாக வயலில் இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கல்லூரி மாணவர்கள், ஓய்வுபெற்றவர்கள், லீவு போட்டுவிட்டு வரும் அலுவலக ஊழியர்கள். டிரிஸ்ட்ராம் ஸ்டூவர்ட் என்ற எழுத்தாளர் 2009 டிசம்பரில் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில், குப்பைக்குப் போகவிருந்த காய்கறிகளையும் பழங்களையும் கொண்டு ஐயாயிரம் பேருக்கு இலவச விருந்து வைத்தார். அதன் தொடர்ச்சியாக அவர் உருவாக்கிய 'ஃபீட்பேக்' அமைப்பு, 2012 வாக்கில் தொண்டர்களைப் பண்ணைகளுக்கு அழைத்துப் போகத் தொடங்கியது. அறுவடை முடிந்த வயலில் மிஞ்சிக் கிடப்பதைப் பொறுக்கி, பசித்தவர்களுக்குக் கொண்டு சேர்ப்பதுதான் வேலை.

வயல்காரர் எந்த வரிசை என்று காட்டிவிட்டு, கத்தியைப் பிடிக்கும் விதத்தைச் சொல்லிக்கொடுப்பார். ஒரு கையால் பூவைச் சாய்த்துப் பிடித்துத் தண்டின் அடியில் ஒரே வெட்டு. வெளி இலைகளைக் கழித்துவிட்டு, பூவைச் சுற்றி ஒரு வளையம் இலையை மட்டும் விட்டுவைக்க வேண்டும். பெட்டியில் அடுக்கும்போது பூ நசுங்காமல் அந்த இலை தாங்கும். பழகிய தொழிலாளிக்கு இது சில நொடி வேலை. தொண்டர்களுக்கு முதல் வரிசை முடிவதற்குள் இடுப்பு விட்டுப்போகும். மதியத்துக்குள் கை பழகிவிடும். பெட்டிகள் நிரம்ப நிரம்ப வேனில் ஏறும். மறுநாளைக்குள் அந்தப் பூக்கள் உணவு வங்கிகளிலும் இலவசச் சமையல்கூடங்களிலும் இருக்கும்.

விளைந்ததை விவசாயி ஏன் விட்டுவிடுகிறார் என்று நகரத்து வாசகர் கேட்கலாம். விவரம் தெரியாதவர் 'அலட்சியம்' என்றுகூடச் சொல்லிவிடுவார். எந்த விவசாயியும் தான் வளர்த்ததை மனமறிந்து அழிப்பதில்லை. காயைப் பறிக்க, தரம் பிரிக்க, பெட்டியில் அடுக்க, சந்தைக்கு ஏற்ற ஆகும் செலவு, கிடைக்கும் விலையைவிட அதிகமாகும் அன்றைக்கு, அந்தக் காய் அவருக்குக் கூடுதல் நஷ்டம். பறிக்காமல் விட்டால் ஒரு நஷ்டம், பறித்து விற்றால் இரண்டு நஷ்டம். விதை, உரம், தண்ணீர், மருந்து என்று எல்லாச் செலவும் ஏற்கெனவே முடிந்துவிட்டது. கடைசிச் செலவான பறிப்புக் கூலி மட்டும்தான் பாக்கி. அது கட்டுப்படியாகவில்லை என்றால் மொத்த விளைச்சலும் மண்ணுக்குத்தான்.

பெரிய கடைகளின் ஒப்பந்தமும் இதற்குத் தூபம் போடுகிறது. இத்தனை பெட்டி தருகிறேன் என்று ஒப்புக்கொண்டவருக்கு, ஒரு பெட்டி குறைந்தாலும் அடுத்த ஆண்டு ஒப்பந்தம் கை நழுவிப் போகலாம். அந்தப் பயத்தில் தேவைக்கு மேலேயே நடுகிறார். பருவம் நன்றாக இருந்தால் எல்லார் வயலிலும் ஒரே நேரத்தில் விளைந்து குவியும், விலை விழும். அமெரிக்காவின் வட கரோலினாவில் 8 வகைக் காய்கறிகளை வயலிலேயே அளந்து பார்த்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. சந்தைக்குப் போன காய்களில் 42 சதவிகிதத்துக்குச் சமமான அளவு, சாப்பிட உகந்த நிலையிலேயே, வயலில் விடப்பட்டிருந்தது. அழுகியது, பூச்சி விழுந்தது இந்தக் கணக்கில் இல்லை.

தொண்டர்களின் கை வந்து நிற்பது சரியாக இந்த இடத்தில்தான். கூலி இல்லாத அந்தக் கைகள், கட்டுப்படியாகாத அந்தக் கடைசிச் செலவைக் கழித்துவிடுகின்றன. உலகின் பல நாடுகளில் இது ஓர் இயக்கமாகவே வளர்ந்திருப்பதன் சூட்சுமம் இதுதான்.

ஒரு தாய் சொன்ன யோசனை

உணவு வங்கி என்ற ஏற்பாடே இப்படிப் பொறுக்கிய பழங்களிலிருந்து பிறந்ததுதான். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரில் 1960களில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் ஏழைகளுக்கான தேவாலயச் சமையல்கூடம் ஒன்றில் தொண்டு செய்துகொண்டிருந்தார். அந்த ஊர் எலுமிச்சை, ஆரஞ்சு, கிரேப் ஃபுரூட் எல்லாம் விளையும் பூமி. மரத்தடியிலும் கிளையிலும் வீணாகும் பழங்களைப் பார்த்தவர், உரிமையாளர்களிடம் கேட்டுப் பறித்து வந்தார். சமையல்கூடத்துக்குத் தேவையானதைவிட அதிகமாகவே சேர்ந்துவிட்டது. மிச்சத்தை ஒரு பழைய வண்டியில் ஏற்றி மற்றத் தொண்டு இல்லங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அப்போதுதான் பத்துப் பிள்ளைகளின் தாய் ஒருத்தியைச் சந்தித்தார். மளிகைக் கடைகளின் பின்புறக் குப்பைத் தொட்டிகளில் கிடைப்பதைக் கொண்டு குடும்பத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள் அவள். வேண்டாத உணவைக் கொண்டுவந்து போடவும், வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளவும் வங்கி மாதிரி ஓர் இடம் இருந்தால் நன்றாக இருக்குமே என்று அவள் சொன்ன யோசனையை வான் ஹெங்கல் பிடித்துக்கொண்டார். செயின்ட் மேரி தேவாலயம் ஒரு பழைய கட்டடத்தையும் 3,000 டாலரையும் கொடுத்தது. 1967இல் உலகின் முதல் உணவு வங்கி அங்கே திறக்கப்பட்டது. முதல் ஆண்டிலேயே ஒரு லட்சம் கிலோவுக்கு மேல் உணவு விநியோகமானது. இன்று அமெரிக்காவில் 'ஃபீடிங் அமெரிக்கா' என்ற குடையின் கீழ் சுமார் 200 உணவு வங்கிகள் இயங்குகின்றன. அந்த நாட்டு விவசாயத் துறையின் கணக்குப்படி 2023இல் 4 கோடியே 74 லட்சம் பேர் போதிய உணவு உறுதியில்லாத குடும்பங்களில் வாழ்ந்தார்கள். உலகத்துக்கே மக்காச்சோளமும் சோயாவும் ஏற்றுமதி செய்யும் நாட்டில் இந்த நிலை.

வர்ஜீனியா மாநிலத்தின் கதை இன்னொரு மாதிரி. கென் ஹார்ன், ரே புக்கானன் என்ற இரண்டு மெத்தடிஸ்ட் போதகர்கள் 1979இல் தங்கள் குடும்பங்களோடு பிக் ஐலண்ட் என்ற சிற்றூரில் எளிய கூட்டு வாழ்க்கை ஒன்றைத் தொடங்கினார்கள். பசியையும் விரயத்தையும் பற்றி ஊர் ஊராகப் பேசி வந்தார்கள். 1983இல் கடற்கரைப் பகுதியின் உருளைக்கிழங்கு விவசாயி ஒருவர், தான் தூக்கியெறியப் போகும் கிழங்கைத் தரட்டுமா என்று கேட்டார். அன்றோடு பேச்சு போய் லாரி வந்தது. சைஸ் சரியில்லாதது, வடிவம் கோணலானது, சிப்ஸ் கம்பெனி திருப்பியனுப்பியது என்று கிழங்கு குவிந்தது. சிப்ஸ் கம்பெனி திருப்பியனுப்பக் காரணம், கிழங்கில் சர்க்கரைச் சத்து கொஞ்சம் கூடுதலாக இருப்பதுதான். எண்ணெயில் போட்டால் சிப்ஸ் கருத்துவிடும். வேகவைத்து மசித்துச் சாப்பிடும் குழந்தைக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. 1988இல் அவர்களுடைய 'சொசைட்டி ஆஃப் செயின்ட் ஆண்ட்ரூ' தொண்டர்களை நேராக வயலுக்கே அனுப்பத் தொடங்கியது. சர்க்கரைவள்ளிக் கிழங்குக் காட்டில் இயந்திரம் கிண்டிப் போட்டுவிட்டுப் போன பின்னால், வலைப் பைகளோடு சிறுவர்கள் முதல் பாட்டிகள் வரை மண்ணைத் தள்ளித் தள்ளிக் கிழங்கு எடுப்பது இன்று தென் மாநிலங்களில் வழக்கமாகிவிட்டது.

இரக்கம் மட்டும் இருந்தால் இது நடந்திருக்காது. தொண்டர் ஒருவர் வரப்பில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டால்? தானமாகப் போன கீரையைத் தின்று யாருக்காவது உடம்புக்கு வந்தால்? வழக்கு போடும் பழக்கம் உள்ள நாட்டில் இந்தப் பயத்தாலேயே பல விவசாயிகள் வேலிக் கதவைத் திறக்கவில்லை. மிசௌரி மாநிலக் காங்கிரஸ் உறுப்பினர் பில் எமர்சன் 1996இல் மறைந்த பிறகு, அவர் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று அதிபர் கிளின்டன் கையெழுத்திட்டார். நல்லெண்ணத்தோடு உணவு கொடுத்தவர் மீதும், மிச்சத்தைப் பொறுக்கத் தன் நிலத்தைத் திறந்துவிட்டவர் மீதும், வேண்டுமென்றே செய்த தீங்கோ படுமோசமான அலட்சியமோ இருந்தாலொழிய வழக்கு போட முடியாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. மிச்சம் பொறுக்குகிறவர் யார் என்பதற்குக்கூட அதில் தனி விளக்கம் உண்டு.

கேட்காமலே எடுத்த காலம்

வயலில் மிஞ்சியதைப் பொறுக்குவது தொண்டாவதற்கு முன்னால் உரிமையாக இருந்தது. இந்தக் கதையில் என்னை மிகவும் யோசிக்க வைத்த பகுதி அது. பைபிளின் லேவியராகமம் வயலின் ஓரங்களை முற்றாக அறுக்கக் கூடாது, சிந்திய கதிரைத் திரும்பப் போய்ப் பொறுக்கக் கூடாது, அவை எளியவனுக்கும் அந்நியனுக்கும் உரியவை என்று நிலக்காரனுக்குக் கட்டளையிடுகிறது. வேற்று நாட்டிலிருந்து மாமியாரோடு வந்த மோவாபியப் பெண் ரூத், போவாஸின் வயலில் கதிர் பொறுக்கியது அந்த உரிமையில்தான். அவளுக்காக அரிக்கட்டுகளிலிருந்து சிலவற்றை வேண்டுமென்றே சிந்திவிடும்படி போவாஸ் தன் ஆட்களிடம் சொல்லிவைக்கிறான். வாங்குகிறவள் முகம் கோணாதபடி கொடுக்கத் தெரிந்த மனிதன்.

பிரான்சில் 1554ஆம் ஆண்டின் அரசாணை ஒன்று முதியவர்கள், ஊனமுற்றவர்கள், சிறுவர்கள் போன்ற ஏழைகளுக்கு அறுவடைக்குப் பிந்தைய வயலில் பொறுக்கிக்கொள்ள உரிமை கொடுத்தது. இங்கிலாந்துக் கிராமங்களில் வயலில் ஒரே ஒரு கட்டு மட்டும் நின்றிருந்தால் இன்னும் உள்ளே வராதே என்று பொருள். அது எடுக்கப்பட்டதும் பெண்களும் பிள்ளைகளும் இறங்குவார்கள். ஓடிவர முடியாத கிழவிக்கும் பங்கு கிடைக்க வேண்டும் என்பதற்காகக் காலையிலும் மாலையிலும் தேவாலய மணி அடித்து நேரம் வகுத்தார்கள்.

இங்கிலாந்தில் அந்த உரிமைக்கு நீதிமன்றம் முற்றுப்புள்ளி வைத்தது. சஃபோக் மாவட்டத்தின் டிம்வொர்த் கிராமத்தில் மேரி ஹௌட்டன் என்ற பெண் ஒரு வயலில் கதிர் பொறுக்கினாள். நிலக்காரர் ஸ்டீல் வழக்குத் தொடுத்தார். 1788இல் தீர்ப்பு வந்தது: அடுத்தவர் நிலத்தில் பொறுக்குவதற்குப் பொதுச் சட்டத்தில் யாருக்கும் உரிமை இல்லை. ஊர் வழக்கம் அதற்குப் பிறகும் பல இடங்களில் நூறு ஆண்டு உயிரோடு இருந்தது. ஆனால் இனி அது நிலக்காரரின் தயவு. பிரெஞ்சு ஓவியர் மிய்யே 1857இல் வரைந்து காட்சிக்கு வைத்த மூன்று பெண்கள், குனிந்து கதிர் பொறுக்கும் அந்தப் பெண்கள், பாரிஸ் செல்வந்தர்களை எரிச்சலூட்டினார்கள். பின்னணியில் தூரத்தில் போர் போராகக் குவிந்திருக்கிறது விளைச்சல். முன்னால் மூன்று கைகள் ஒற்றைக் கதிரைத் தேடுகின்றன. 2000ஆவது ஆண்டில் இயக்குநர் ஆன்யெஸ் வர்தா இதே பிரான்சில் எடுத்த ஆவணப்படத்தில், பெரிதாகவோ கோணலாகவோ இருப்பதால் கொட்டப்பட்ட உருளைக்கிழங்கு மலையில் இதய வடிவக் கிழங்குகளைத் தேடி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவார்.

ரூத் தானே குனிந்து பொறுக்கினாள். இன்றைய ஏற்பாட்டில் பொறுக்குகிறவர் ஒருவர், சாப்பிடுகிறவர் இன்னொருவர். நடுவில் வேன், கிடங்கு, வரிசை, அட்டை. சமூகவியலாளர் ஜேனட் பாப்பன்டீக் 1998இல் எழுதிய நூலில் இதைத்தான் கேட்டார்: தானத்தின் இனிமையில் அரசு தன் கடமையிலிருந்து நழுவிக்கொள்வதில்லையா? அந்தக் கேள்வியில் நியாயம் இருப்பதாகவே நான் நினைக்கிறேன். அதற்காக, நாளைக் காலை உழப்படவிருக்கும் வயலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியாது.

பொறுக்குகிறவருக்கும் சாப்பிடுகிறவருக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் குறைத்துக் காட்டியது அரிசோனாவின் டூசான் நகரம். சோமாலியாவிலிருந்து வந்த பான்டு அகதிகளைக் கொண்டு 2003இல் அங்கே தொடங்கப்பட்டது 'இஸ்காஷிட்டா' என்ற அமைப்பு. அந்த ஊர்த் தெருவோரங்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் புளிப்பு ஆரஞ்சு மரங்கள் ஏராளம். உள்ளூர்க்காரர்கள் அழகுக்காக வளர்ப்பதோடு சரி, பழத்தைச் சீண்டுவதில்லை. அகதிகளுக்கோ அது சமையலறைப் பொருள். ஊறுகாய் போடவும் கறியில் பிழியவும் தெரிந்தவர்கள். அவர்களே ஏணி வைத்துப் பறிக்கிறார்கள், தங்களுக்கும் எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்கும் கொடுக்கிறார்கள். அந்நியனுக்கு உரியது என்று பழைய ஏற்பாடு சொன்னதை, வந்தேறியவர்களே கை நீட்டிப் பறிக்கும் காட்சி அது.

கைகள் மட்டும் போதாது

2020 ஏப்ரல் மாதம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. கொரோனாவால் ஓட்டல்களும் பள்ளிகளும் மூடின. புளோரிடாவில் பீன்ஸ் வயல்களை டிராக்டரால் மடக்கி உழுதார்கள், விஸ்கான்சினில் பாலைச் சாக்கடையில் ஊற்றினார்கள். அதே வாரங்களில் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் உணவு வங்கியின் முன்னால் ஆயிரக்கணக்கான கார்கள் விடியற்காலையிலிருந்து நின்றன. உணவும் இருந்தது, பசியும் இருந்தது. வயலிலிருந்து வாய்க்குப் போகும் வழிதான் அடைத்துக்கொண்டது.

தொண்டர்களால் மட்டும் அந்த வழியைத் திறக்க முடியாது. விவசாயி வியாழக்கிழமை கூப்பிட்டு வெள்ளிக்கிழமை உழப்போகிறேன் என்பார். தொண்டர்களுக்கு வசதி ஞாயிற்றுக்கிழமை. நூறு பேர் வந்தாலும் பழகிய பத்துத் தொழிலாளர்களின் வேகம் வராது. உருளைக்கிழங்கு காத்திருக்கும், ஸ்ட்ராபெர்ரி காத்திருக்காது. குளிர்பதன அறை இல்லாத உணவு வங்கிக்கு ஒரு லாரிக் கீரை வரம் அல்ல, தலைவலி. மண்ணில் விழுந்த பழத்தை எடுக்கக் கூடாது என்கின்றன உணவுப் பாதுகாப்பு விதிகள். இவை தொண்டர்களின் குறையல்ல, வேலையின் இயல்பு.

கலிபோர்னியாவின் உணவு வங்கிகள் கண்ட வழி எனக்கு அதனால்தான் பிடித்திருக்கிறது. உணவு வணிகத்தில் நீண்ட காலம் இருந்து ஓய்வுபெற்ற கேரி மேக்ஸ்வர்தி, உணவு வங்கிகளுக்கு வருவது பெரும்பாலும் டப்பா உணவும் மாவுப் பண்டமும்தான் என்பதைக் கண்டார். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் அவர் உருவாக்கிய 'ஃபார்ம் டு ஃபேமிலி' திட்டம் விவசாயியிடம் இலவசமாகக் கேட்பதில்லை. ஒரு பவுண்டுக்குச் சில சென்ட் கொடுக்கிறது. பறிக்கவும் பெட்டியில் போடவும் ஆகும் செலவு அது. முதல் தரக் காயைப் பறிக்கும் தொழிலாளியே அதே நடையில் இரண்டாம் தரத்தை இன்னொரு பெட்டியில் போட்டுவிடுகிறார். அவருக்குக் கூலி, விவசாயிக்குக் கூடுதல் நஷ்டம் இல்லை, உணவு வங்கிக்கு லாரி லாரியாகப் புதுக் காய். கலிபோர்னியாவின் பண்ணைத் தொழிலாளர்களிலேயே பலர் உணவு வங்கி வரிசையில் நிற்கிறவர்கள் என்பதை நினைத்தால், அந்தக் கூலிக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு.

மாசசூசெட்ஸில் 2004இல் தொடங்கிய 'பாஸ்டன் ஏரியா க்ளீனர்ஸ்' இன்னும் ஒரு படி மேலே போய், 2021இல் ஆக்டன் என்ற ஊரில் ஒரு பண்ணையையே வாங்கிவிட்டது. மிச்சம் வருமா என்று காத்திருந்தவர்கள் தாங்களே பயிரிடுகிறார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். கடலைக்காட்டில் செடி பிடுங்கிய பிறகு மண்ணுக்குள் தங்கிய காயைக் கிளறி எடுக்கும் பெண்களும், அறுத்த வயலில் உதிர்ந்த கதிர் பொறுக்கும் சிறுவர்களும் நமக்குப் புதியவர்கள் அல்லர். பெரும்பாலும் சொந்த நிலம் இல்லாதவர்கள். நிலக்காரர் முறைத்தால் எழுந்து போக வேண்டியவர்கள். அறுவடை இயந்திரம் வந்த பிறகு நெல் வயலில் அதுவும் அருகிவிட்டது. ஆனால் ராயக்கோட்டை, பாலக்கோடு, ஒட்டன்சத்திரம் பக்கத்துத் தக்காளி விவசாயி சொல்வது கென்ட் விவசாயி சொல்வதேதான்: "பறிப்புக் கூலிகூடக் கட்டவில்லை." 2023 ஜூலையில் தக்காளி நூறு ரூபாயைத் தாண்டி, தமிழக அரசு ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. செப்டம்பரில் விலை தலைகுப்புற விழுந்தது. மகாராஷ்டிரத்திலும் ஆந்திரத்திலும் விவசாயிகள் தக்காளியைச் சாலையில் கொட்டினார்கள்.

கல்யாண மண்டபத்தில் மிஞ்சும் சாப்பாட்டை எடுத்துப் பசித்தவர்களிடம் சேர்க்கும் வேலையைக் கோவையில் 2014இல் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' போன்ற அமைப்புகள் நன்றாகவே செய்கின்றன. வயலில் மிஞ்சுவதற்கு அப்படி ஓர் ஏற்பாடு இன்னும் வேரூன்றவில்லை. அமெரிக்கர்கள் உணவு வங்கியைப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. நமக்கோ ஊருக்கு ஊர் சத்துணவு மையம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் சாம்பாருக்குத் தினமும் காய் வேண்டும். ரேஷனில் அரிசி வருகிறது, பருப்பு வருகிறது, எண்ணெய் வருகிறது. காய் வழக்கமாக வருவதில்லை. விலை விழும் வாரத்தில் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்களுக்கு முறையான கூலி கொடுத்துப் பறிக்கச் சொல்லி, பக்கத்து ஒன்றியங்களின் பள்ளிச் சமையலறைகளுக்கும் விடுதிகளுக்கும் ஒரு மினி லாரியில் அனுப்பினால் தக்காளி தெருவுக்குப் போகாது. விவசாயிக்கு லாபம் வராது என்றாலும் கூடுதல் நஷ்டமும் வராது. விளைந்தது வீணாகவில்லை என்ற நிம்மதியும் இருக்கும்.

இதற்கு வேண்டியது மூன்று நாள் முன்னதாக விலைச் சரிவைச் சொல்ல மண்டியில் ஒரு ஆள், வண்டி வாடகை, பறிப்புக் கூலி. முதல் இரண்டுக்கும் வேளாண் விற்பனைத் துறையில் ஆட்கள் இருக்கிறார்கள், பழக்கமும் இருக்கிறது. மூன்றாவதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று மாவட்ட ஆட்சியர் ஒருவர் முடிவெடுத்தால், வரும் தக்காளிப் பருவத்திலேயே ஏதாவது ஓர் ஒன்றியத்தில் இதைச் செய்து பார்த்துவிடலாம்.